எட்டாம் எண்காரியின் கம்ப்யூட்டர்

நான் பிறந்தது ஒரு பதினேழாம் தேதி. ஒன்றையும் ஏழையும் கூட்டினால் எட்டு. எட்டு என்றால் சனி. என்னைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று நம்பிய ஒரு மனிதர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வாய்த்தார். என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான்.

எழுபதுகளில் நாங்கள் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அவர் பெண் பார்க்க வந்தார். அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவள் பிறந்த தேதியைக் கேட்டார். விரல்விட்டுக் கூட்டினார். திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு முறுக்குத் தட்டோடு நின்றுகொண்டிருந்த என்னுடைய தேதியையும் கேட்டு, அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "நல்லவேள மாமா, இது மூத்ததாப் பொறக்கல," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் முறுக்கை அவர் முன்னால் வைக்காமல் தட்டோடு உள்ளே கொண்டுபோய்விட்டேன். எட்டாம் எண்காரிகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அதற்கும் விளக்கம் சொன்னாராம்.

எங்கள் சனத்தை இந்த எண் பைத்தியம் ஏன் இப்படிப் பிடித்தது என்று நான் யோசித்ததுண்டு. தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள்கணக்கு ஏட்டில் வெறும் எண்ணாக இருந்தவர்கள், டவுனுக்கு வந்ததும் எண்ணையே சாமியாக்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வரும் மலிவு அட்டைப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தால் போதும், அவன் பண்டிதன். அத்தான் அப்படியொரு பண்டிதர். அலோர் ஸ்டாரில் கார்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொடுக்கும் ஏஜெண்டாக இருந்தார். எந்த எண் பிளேட் வாங்கினால் யோகம், எதை வாங்கினால் மரத்தில் மோதும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்வார். அவர் பார்த்துப் பார்த்து எண் வாங்கிய கார் ஒருநாள் நெல் வயல் வாய்க்காலில் இறங்கியது. ரோட்டின் எண் சரியில்லை என்றார். பெற்ற மகளின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூடுதலாகச் சொருகி, எந்த ஆசிரியரும் அந்தக் குழந்தையைச் சரியாகக் கூப்பிட முடியாதபடி செய்து வைத்தார்.

அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றதும் நாங்களும் அலோர் ஸ்டாருக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் அதைத் தொடாமல் தள்ளி நின்று மரியாதை செய்தார்கள். நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கொஞ்ச காலத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அக்கா புகுந்த வீட்டுக்காரி, அப்பா ஆண்பிள்ளை. வேலையை விடவேண்டியது யார் என்று எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசக்கூட இல்லை.

வக்கீலை நல்லவர் என்று சொல்லமாட்டேன், விவரமானவர். என்னைப்போலப் பிழையில்லாமல் டைப் செய்ய அவ்வளவு சுலபமாக ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கியபோது பழையதைப் பிரிண்டரோடு சேர்த்து என் தலையில் கட்டினார். என் சேமிப்பு முழுவதும் அதில் போனது. பெண்டாங் போகும் ரோட்டில் வயலை மூடி வீடுகள் கட்டப்போகிறார்கள், வாங்குகிற ஒவ்வொருவருக்கும் தடிமனாக ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்றார். "வீட்டுலேருந்தே டைப் பண்ணி அனுப்பும்மா. தேதி தவறாம முடிச்சா இனிமே ஒப்பந்தமெல்லாம் உனக்குத்தான். முடியாட்டி இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்." முடியாவிட்டால் எனக்கு இருந்த வழி என்ன என்பது தெரிந்ததுதான். பினாங்கில் ஃபேக்டரி, ஷிப்ட், ஹாஸ்டலில் ஒரு கட்டில். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்கவும் கஞ்சி ஊட்டவும் அந்த வீட்டில் வேறு கை கிடையாது. அந்தக் கம்ப்யூட்டர் ஓடினால்தான் நான் அம்மாவோடு இருக்கமுடியும். எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி செருகும் வாய்கள் மட்டுமே இருந்தன. நீளமான ஒப்பந்தத்தைப் பாதி ஒன்றில், மீதி இன்னொன்றில் என்று மாற்றி மாற்றிச் செருகிக் கை ஓய்ந்துபோனது. ஒரு ஹார்ட் டிஸ்க் பொருத்திவிட்டால் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், வேகமாகவும் ஓடும். டவுனில் ஒரு கடையில் ஹார்ட் டிஸ்கையும் அதற்கான கார்டையும் வாங்கினேன். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தால் தானே மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். இதை நான் வீட்டில் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாது.

"வீட்டு மாப்பிள்ள இருக்கறப்ப வெளி ஆளு கையில கொடுப்பியா? அவரு மனசு என்னா பாடுபடும்?" என்றார் அப்பா. அத்தான் ஒருமுறை பினாங்குக்குப் போய் ஏதோ கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார். அங்கே கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார். கற்றதில் அந்தச் சட்டம் மட்டும்தான் மிச்சம். ஆனால் மாப்பிள்ளைக்குத் தெரியாது என்று யார் சொல்வது? சோற்றில் கல் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னால் அரிசிக் கடையை மாற்றுவோம். அவர் பல்லைப் பார்க்கச் சொல்லமாட்டோம். அப்படிப்பட்ட குடும்பம் எங்களுடையது.

நல்ல நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். மூடியைக் கழற்றினார். நான் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நின்றேன். நாடா போன்ற ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டு, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். சிவப்புக் கோடு மறுபக்கம் வரவேண்டும் என்று நான் காட்டியதும், "அததான் நானும் பாத்துக்கிட்டிருக்கேன்," என்று திருப்பி மாட்டினார். பிறகு டிஸ்கைத் தயார் செய்யும் வேலை. கார்டுக்குள்ளேயே இருந்த ஒரு புரோகிராமை எழுப்பி, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தரவேண்டும். பதில் தெரியாவிட்டால் பாதகமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அதுவே ஒரு பதிலை வைத்திருக்கும், சும்மா என்டரைத் தட்டினால் போதும். அத்தான் என்டரைத் தட்டிக்கொண்டே வந்தவர் ஒரு கேள்வியில் நின்றுவிட்டார். பக்கத்தில் மூன்று என்று இருந்தது.

"இது என்னா நம்பர் கேக்குது?"

"தெரியல அத்தான். அதுவே மூணுன்னு போட்டிருக்குலா. அப்படியே விட்டுடுங்க."

"எப்படி விடறது? மிஷினு ஒன்னோடது. ஒனக்கு எட்டு. எட்டுக்காரிக்கு ஒன்னுதான் தொண. ஒன்னு சூரியன். சூரியன் நின்னா சனி அடங்கும்." மூன்றை அழித்துவிட்டு ஒரு விரலால் ஒன்றைத் தட்டினார். பின்னால் நின்ற அப்பா, "சரியான பாயிண்டு," என்றார்.

கம்ப்யூட்டர் என்ன கேட்டது என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் பதில் மட்டும் அத்தானுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஒப்பந்தத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய் அம்மாவின் கஞ்சியை ஆற்றி எடுத்துவரலாம், அப்போதும் முன்பக்கத்துச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போவதற்குள் எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துபோகும். ஃப்ளாப்பி காலமே தேவலை. அப்போது கைதான் வலித்தது; இப்போது வயிறு எரிந்தது. வக்கீல் ஆபீசிலிருந்து கட்டுக் கட்டாகக் கைப்பிரதி வந்துகொண்டே இருந்தது.

அத்தானைக் கூப்பிட்டார்கள். வந்து பார்த்தார். பொருத்தியதில் கோளாறு இருக்கலாம் என்ற நினைப்பு அவர் மூளையின் பக்கம்கூடப் போகவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒன்னு போட்டும் அடங்கலன்னா பாத்துக்குங்க மாமா, சனி எவ்வளோ உக்கிரமா இருக்குன்னு," என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடியவர் அவர், கோணல் நான்.

அப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது. மேசையைக் கிழக்கே பார்க்கத் திருப்பினார். திருப்பியதில் ஜன்னல் வெயில் நேராகத் திரையில் விழுந்து எழுத்தே தெரியாமல் போனது. கம்ப்யூட்டரின் நெற்றியில் சூரியன் படம் ஒன்றை ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரை ஒருமுறையாவது போட்டு அணைக்கச் சொன்னார். எல்லாவற்றையும்விடக் கொடுமை ஃபைல்களின் பெயர். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலுக்கு எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்கமுடியாது. அதைக் கேட்டதும் அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எட்டு எழுத்தா? அதுலதான் எல்லாம் போச்சு!" இனிமேல் எந்தப் பெயரும் ஐந்து எழுத்தைத் தாண்டக்கூடாது, எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் ஒன்று வரவேண்டும் என்று உத்தரவு. வீடு வாங்குகிறவர்களின் பெயரை ஐந்து எழுத்தில் நறுக்கி, கூட்டுத்தொகைக்காக வாலில் ஏதோ ஓர் எழுத்தை ஒட்டி, அவரே உட்கார்ந்து ஒரு பிற்பகல் முழுக்க மாற்றினார். எந்த ஃபைலில் யார் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கம்ப்யூட்டர் ஓர் அங்குலம்கூட வேகமாகவில்லை.

ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கேட்பீர்கள். மூடிக்கொண்டிருக்கவில்லை. "அத்தான், டிஸ்க்குல ஏதோ தப்பு. கடையில காட்டிடலாம்," என்று சொன்னேன். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு ஒனக்காகத்தான இவ்வளோ பாடுபடறாரு? நன்றி இல்லாத மாரி பேசாத. ஒங்க அக்கா அங்க வாழணும்லா," என்றார். அக்காவின் வாழ்க்கைக்கும் என் ஹார்ட் டிஸ்குக்கும் அவர் போட்ட முடிச்சு அது. அந்த முடிச்சை அவிழ்க்க எந்தப் பெண்ணால் முடியும்? அம்மா மட்டும் படுக்கையிலிருந்து, குழறும் நாக்கோடு, "ஓடுதா?" என்று தினமும் கேட்பாள். "ஓடுதும்மா," என்பேன். அவளுக்கு என் குரலை நன்றாகத் தெரியும், மேற்கொண்டு கேட்கமாட்டாள்.

கடைசியில் அத்தான் தீர்ப்பு சொன்னார். "இந்த மிஷினு இவ கையில இருக்கற வரைக்கும் உருப்படாது. என் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். என் நம்பருக்கு சும்மா பறக்கும். எனக்கும் பாலிசி அடிக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும்தான். இவ வேணும்னா அங்க வந்து அடிச்சுக்கட்டும். வர்ற ஞாயித்துக்கெழம காடி கொண்டாரேன்."

"அம்மாவ யாரு பாப்பா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஏதாச்சும் செய்யலாம்லா," என்றார். ஏதாச்சும் என்றால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அப்பா தலையை ஆட்டியதோடு என் சேமிப்பில் வாங்கிய கம்ப்யூட்டர் மாப்பிள்ளைக்குப் போவது முடிவாகிவிட்டது. ஒப்பந்தங்களை வக்கீலிடம் ஒப்படைக்கவேண்டிய நாள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அழுகை வரவில்லை. நல்லதாகப் போயிற்று. அழுதிருந்தால் யோசித்திருக்கமாட்டேன். ஒரு பழைய ஃப்ளாப்பியைச் செருகி, ஹார்ட் டிஸ்க் பக்கமே போகாமல் கம்ப்யூட்டரைக் கிளப்பி, ஃப்ளாப்பியில் இருந்த ஓர் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தேன். முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. ஆக, கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. என் கைக்கும் ஒன்றும் இல்லை, அதே கைதானே இதையும் தட்டுகிறது? அதே ஒப்பந்தத்தை ஹார்ட் டிஸ்கிலிருந்து திறந்தால் சின்ன விளக்கு அணையாமல் எரிகிறது. நோய் டிஸ்கில்தான் இருக்கிறது. கடையில் வாங்கி வந்த டிஸ்குக்கும் என் மேசையில் இருக்கும் டிஸ்குக்கும் நடுவில் நடந்தது என்ன? அத்தான் நடந்தார். அவர் மற்ற எல்லாக் கேள்விக்கும் என்டரைத் தட்டினார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தன் மூளையைப் பயன்படுத்தினார்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும், அதில் நாம் எழுதியது துண்டு துண்டாக வரிசையில் இருக்கும். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டு வருகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் அவர் உங்களைத் தாண்டிப் போய்விட்டால், பந்தி முழுக்கச் சுற்றி மறுபடியும் அவர் வரும்வரை இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு துண்டை வாங்கி விழுங்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதனால் அடுத்த துண்டைத் தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். மூன்று என்றால் அந்த இடைவெளி. ஒன்று என்றால் இடைவெளியே இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் டிஸ்க் ஒரு முழுச் சுற்று சுற்றி வரவேண்டும். சூரியனை நிறுத்தினேன் என்று அவர் சொன்னது இதைத்தான்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தக் கார்டைச் செய்தவன் தன் பொருளைத் தெரிந்துதான் மூன்று என்று வைத்திருப்பான். அவன் என் பிறந்த தேதியைக் கேட்கவில்லை.

ஆனால் அந்த எண்ணை மாற்றவேண்டுமானால் டிஸ்கை அடியோடு அழித்துத் திரும்பத் தயார் செய்யவேண்டும். அதில் என் ஒப்பந்தங்கள் எல்லாம் இருந்தன. நான் நினைத்தது தவறாகிப்போனால், அல்லது பாதியில் கரண்டு போனால், திங்கட்கிழமை வக்கீலிடம் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது. எட்டுக்காரி தொட்டாள், மொத்தமும் போச்சு என்று அத்தான் காலம் முழுக்கச் சொல்வார். எனக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டேதான் ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஃப்ளாப்பிகளில் எடுத்து வைத்தேன், எடுத்ததைத் திறந்தும் பார்த்தேன்.

சனிக்கிழமை பாடாங் மேஹாவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அப்பாவை ஏற்றிக்கொண்டு அத்தானும் அக்காவும் காலையிலேயே காரில் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். சனிக்கிழமை, எட்டாம் எண்காரி, கம்ப்யூட்டர். அத்தானின் புத்தகத்தில் இதைவிட மோசமான முகூர்த்தம் இருந்திருக்காது. சூரியன் படத்தைப் பிய்த்து எறிந்தேன். மேசையைப் பழையபடி திருப்பினேன். டிஸ்கைத் தயார் செய்யும் புரோகிராமை எழுப்ப அவர் தட்டிய கட்டளை எனக்கு அப்படியே நினைவிருந்தது. டைப்பிஸ்டின் கண் அடுத்தவர் விரலிலிருந்தே எழுத்தைப் படித்துவிடும். அதுவும் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்துகிறவர் என்றால் மறக்கவா முடியும்? கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் என்டர். அந்தக் கேள்வி வந்தது. பக்கத்தில் மூன்று இருந்தது. அதற்கும் என்டர்.

டிஸ்க் உறுமிக்கொண்டு தன்னை அழித்துக்கொள்ள ஆரம்பித்தது. அது முடியும் மட்டும் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "என்னாடி சத்தம்?" என்றாள். "ஒன்னுமில்லம்மா, கழுவிக்கிட்டிருக்கேன்," என்றேன். முடிந்ததும் மற்றச் சடங்குகளைச் செய்து, ஃப்ளாப்பிகளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். ஃபைல்களுக்கு முழுசாக எட்டு எழுத்தில் பெயர் வைத்தேன், வேண்டுமென்றே. பிறகு மிக நீளமான ஒப்பந்தத்தைத் திறக்கச் சொல்லி என்டரைத் தட்டிவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தை எடுக்கக் கை நீட்டினேன். கை பாத்திரத்தைத் தொடுவதற்குள் ஒப்பந்தம் திரையில் வந்து நின்றது.

நம்பாமல் மூடிவிட்டு மறுபடியும் திறந்தேன். வந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போகச் சொன்னேன். போனது. அம்மாவிடம் ஓடிப்போய், "ஓடுதும்மா," என்றேன். இந்த முறை அவள் இடது கையால் என் கன்னத்தைத் தடவினாள். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. ஒரு மனிதன் ஓர் எண்ணைத் தட்டாமல் இருந்திருந்தால் நான் இத்தனை நாள் சனியனாக இருந்திருக்கவேண்டியதில்லை.

அன்று மாலையும் மறுநாள் காலையும் டைப் செய்து எல்லாவற்றையும் முடித்தேன். பிரிண்டர் கடைசிக் காகிதத்தைத் துப்பிக்கொண்டிருந்தபோது அத்தான் கயிறும் ஒரு பழைய போர்வையுமாக வந்து நின்றார். அப்பா மேசையைக் காலி செய்யச் சொன்னார். நான் எழுந்து, "ஒரு தடவ பாத்துட்டுத் தூக்குங்க," என்று ஓர் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டினேன். ஒன்றை மூடி அடுத்ததையும் காட்டினேன். அத்தானின் வாய் திறந்தது. அதிசயம் என்று நினைத்தேன். மன்னிப்பாகக்கூட இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்துத் தொலைத்தேன்.

"பாத்தீங்களா மாமா! ஒன்னு வேல செய்யுது! சூரியன் ஏற நேரம் எடுக்கும்னு எனக்குத் தெரியும்லா."

அப்பா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார், பார்த்தாயா என்பதுபோல.

"அப்ப இங்கயே இருக்கட்டும்தானே?" என்றேன்.

"இங்கயா? இப்பதான் நல்லா ஓடுது. மறுபடியும் ஒன் கையில விட்டுக் கெடுக்கறதா? நல்லா ஓடற மிஷினு ஆபீசுலதான் இருக்கணும்." மெதுவாக ஓடினால் என் ராசி, அதனால் எடுத்துப்போகவேண்டும். வேகமாக ஓடினால் அவர் ராசி, அப்போதும் எடுத்துப்போகவேண்டும். போர்வையை விரித்துவிட்டு இரண்டு கையாலும் கம்ப்யூட்டரைப் பிடித்தார்.

"அத்தான், அதுல ஒன்னு இல்ல," என்றேன். "நேத்து முழுசா அழிச்சிட்டு மூணு போட்டேன். அதான் ஓடுது."

கை சட்டென்று விலகியது. சூட்டுக் கெண்டியைத் தொட்டவர்போல விரல்களை உதறினார்.

"மூணா? யாரக் கேட்டுப் போட்ட? நான் பதினஞ்சாந்தேதி பொறந்தவன்! எனக்கு ஆறு! ஆறுக்கும் மூணுக்கும் ஜென்மப் பகைன்னு தெரியாது?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவர் ராசியைப் பற்றி நான் எப்போது கவலைப்பட்டேன்? டிஸ்க்தான் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடித்தேன், அந்த எண்தான் டிஸ்கைக் கெடுத்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. "மறுபடியும் ஒன்னு போட முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"போடலாம். பழையபடி படுத்துக்கும்."

கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பகை எண்ணோடு பறக்கிற கம்ப்யூட்டரை ஆபீசில் வைக்க அவருக்குத் தைரியம் இல்லை. சூரியனோடு நொண்டுகிற கம்ப்யூட்டர் அவருக்குத் தேவையில்லை. போர்வையை மடித்தார். "இது பொம்பளைங்க டைப் அடிக்கத்தான் சரி. எனக்குப் புதுசாவே வாங்கிக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக்கூட மறந்து போய்விட்டார். திங்கட்கிழமை ஒப்பந்தங்கள் வக்கீலிடம் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தங்களும் எனக்கே வந்தன. அம்மா இருந்தவரை நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

ஜெயித்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மண்டையைக் கசக்கிக் கண்டுபிடித்த காரணம் அந்த வீட்டில் ஒருவரையும் அசைக்கவில்லை. எந்தக் குப்பையை நான் காலால் எத்தினேனோ அதுதான் கம்ப்யூட்டரைக் காப்பாற்றிக் கொடுத்தது.

கொஞ்ச காலம் கழித்து அப்பாவின் தோட்டத்து நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தார். நான் டைப் செய்வதை நிறுத்திவிட்டுக் காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அப்பா என் கம்ப்யூட்டரைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல படுத்தே கெடந்துச்சு. அப்பறம் மூணாம் நம்பர் போட்டாங்க. அதுலேருந்து புள்ளைக்கு வேல நிக்காம வருது."

"மூணு நல்ல நம்பர்தான். குரு," என்றார் நண்பர்.

நான் காப்பியை இருவர் முன்னாலும் வைத்தேன். யார் போட்டது என்று வந்தவர் கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.